சிறு கருவிகளுக்கான குறியாக்கம்: பேட்டரியை உண்மையில் எது தின்கிறது?

கேள்வியின் சாரம் இது: பொத்தான் பேட்டரியில் ஓடும் ஒரு சென்சார், நிமிடத்துக்கு ஒருமுறை அளவீடு எடுத்து ரேடியோவில் அனுப்புகிறது. பரவலாகப் பயன்படும் ஏஇஎஸ் குறியாக்க முறை இதற்குக் கனமானது என்று பல இடங்களில் படித்தவர், மின்சாரம் குறைவாகச் செலவாகும் புதிய இலகுரகக் குறியாக்க முறை ஒன்றை ஆய்வுக்காக வடிவமைக்க விரும்புகிறார். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்.

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் பதில். இந்தத் துறைக்குள் வருகிற பலர் நேரே எஸ்-பாக்ஸ் (சில பிட்டுகளை வேறு பிட்டுகளாக மாற்றும் பகுதி), சுற்றுகள் (அதே கலக்கலைத் திரும்பத் திரும்பச் செய்வது), சாவி விரிவாக்கம் (ஒரு சாவியிலிருந்து சுற்றுகளுக்கான சாவிகளை உருவாக்குவது) என்று இறங்கிவிடுகிறார்கள். ஆறு மாதம் உழைத்துக் குறியாக்கத்தின் செலவைப் பாதியாக்கிய பிறகுதான், பேட்டரியின் ஆயுள் ஒரு நாள்கூடக் கூடவில்லை என்று தெரிகிறது. அந்த ஏமாற்றம் உங்களுக்கு வேண்டாம். முதலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

சிஆர்2032 பேட்டரியின் கொள்ளளவு சுமார் 225 மில்லிஆம்பியர்-மணி, மின்னழுத்தம் 3 வோல்ட். பெருக்கினால் ஏறத்தாழ 2,430 ஜூல். உங்கள் கருவியின் மொத்தச் சொத்து இதுதான். தூங்கும்போது கருவி 2 மைக்ரோஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல வடிவமைப்புக்கு இது நியாயமான எண். ஒரு நாளைக்கு 0.52 ஜூல், ஆண்டுக்கு 189 ஜூல் ஆகிறது. ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கான செலவு இது.

இப்போது குறியாக்கம். 64 மெகாஹெர்ட்ஸில் ஓடும் கார்டெக்ஸ்-எம்4 வகை மைக்ரோகன்ட்ரோலர், விழித்திருக்கும்போது சுமார் 3.3 மில்லிஆம்பியர் எடுக்கிறது. அதாவது 10 மில்லிவாட். ஏஇஎஸ்-128-ஐ வன்பொருள் உதவியே இல்லாமல், நேரக் கசிவு வராத முறையில் (கணக்குக்கு ஆகும் நேரத்தைப் பார்த்துச் சாவியை ஊகிக்க முடியாதபடி) மென்பொருளாக எழுதினால், ஒரு 16 பைட் பிளாக்குக்கு 1,600 கிளாக் சுழற்சிகள் போல ஆகும். சிசிஎம் என்பது ஏஇஎஸ்-ஐக் கொண்டு செய்தியை மறைத்து (அதாவது குறியாக்கி), அது மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் முத்திரையும் இடும் முறை. அதில் 16 பைட் செய்திக்கு, தலைப்பையும் சேர்த்து, ஏஇஎஸ்-ஐ 5 தடவை அழைக்க வேண்டும். 8,000 சுழற்சிகள், 125 மைக்ரோவிநாடி, 1.25 மைக்ரோஜூல். நிமிடத்துக்கு ஒரு செய்தி என்றால் ஆண்டுக்கு 5,25,600 செய்திகள். பெருக்கிப் பாருங்கள்: சுமார் 0.66 ஜூல்.

2,430 ஜூலில் ஆண்டுக்கு 0.66 ஜூல். "கனமான" ஏஇஎஸ் எடுத்துக்கொள்வது அவ்வளவுதான். நீங்கள் கண்டுபிடிக்கும் புதிய முறை அதைப் பாதியாகக் குறைத்தாலும், ஓர் ஆண்டில் மிச்சமாவது 0.33 ஜூல். கருவி ஒரே நாள் தூங்குவதற்கு அதைவிட அதிகம் செலவாகிறது. இன்றைய ரேடியோ சில்லுகளில் பெரும்பாலானவற்றில் ஏஇஎஸ் வன்பொருளாகவே உள்ளே இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்த 0.66 ஜூலும் ஏறக்குறைய மறைந்துவிடும்.

அப்படியானால் விழித்திருக்கும்போது மின்சாரம் எங்கே போகிறது? ரேடியோவுக்கு. புளூடூத் லோ எனர்ஜி போன்ற ஒன்றில், விநாடிக்கு 10 லட்சம் பிட் வேகத்தில் ஒரு பைட் காற்றில் போக 8 மைக்ரோவிநாடி ஆகும். அனுப்பும்போது 5 மில்லிஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கிறது. கணக்குப் பார்த்தால் ஒரு பைட்டுக்கு 0.115 மைக்ரோஜூல். அந்த 16 பைட்டை அனுப்ப மட்டும் 1.8 மைக்ரோஜூல், அதாவது அதை மறைத்து முத்திரையிட ஆனதைவிட அதிகம். அலைவியை (கிளாக் துடிப்பைத் தரும் படிகத்தை) தட்டி எழுப்புவது, பாக்கெட்டின் தலைப்பு, பதிலுக்காகக் காதைத் திறந்து வைத்திருப்பது எல்லாம் இதற்கு மேல்.

தொலைதூர ரேடியோவுக்குப் போனால் இடைவெளி இன்னும் பயங்கரமானது. லோரா ரேடியோவில் மிக மெதுவான அமைப்பான எஸ்எஃப்12-இல், 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், ஒவ்வொரு 5 பைட்டும் 164 மில்லிவிநாடியைக் கூட்டுகிறது. 16 பைட் முத்திரை ஒன்றைச் செய்தியோடு ஒட்டினால் ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக ரேடியோ எரிய வேண்டும். 100 மில்லிவாட் என்று வைத்தால் 50 மில்லிஜூல். மேலே பார்த்த 1.25 மைக்ரோஜூலுக்கு இது சுமார் 40,000 மடங்கு. லோரா ரேடியோவின் மேல் ஓடும் வலைப்பின்னல் தரமான லோராவான் ஏன் 4 பைட் முத்திரையோடு நின்றுகொண்டது என்பது இந்த ஒரு கணக்கிலேயே விளங்கிவிடும்.

ஆகவே சிறு கருவியில் சிக்கனமான குறியாக்கம் என்பதற்கு என் விளக்கம் இதுதான்: காற்றில் போகும் பைட்டைக் குறைப்பது, விழித்திருக்கும் நேரத்தைக் குறைப்பது, அதைச் செய்யும்போது பாதுகாப்பில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்வது. அல்காரிதம் இந்த வரிசையில் கடைசியில்தான் வருகிறது. அதற்காக அது முக்கியமில்லை என்று சொல்லவில்லை. அது எங்கே முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பைட்டிலிருந்து வருவோம். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் எழுதி அனுப்பினால், பெயர்கள், மேற்கோள் குறிகள், அடைப்புகள் எல்லாம் சேர்ந்து 50 பைட்டைத் தொட்டுவிடும். அதே இரண்டு எண்களை முழு எண்களாக்கி அடைத்தால் 4 பைட். மிச்சமாகும் 46 பைட், புளூடூத் கணக்கிலேயே 5.3 மைக்ரோஜூல். முழுக் குறியாக்கச் செலவைப் போல நான்கு மடங்கு. இதை மறைப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். மறைத்த பிறகு தரவு வெறும் இரைச்சல் போல இருக்கும், அதைச் சுருக்க எந்த முறையாலும் முடியாது.

அடுத்து முத்திரை. செய்தியை மறைப்பது மட்டும் போதாது, அது நடுவில் மாற்றப்படவில்லை என்பதையும் பெறுபவர் சரிபார்க்க வேண்டும். அதற்குத்தான் முத்திரை. 16 பைட் இட்டால் மிகவும் பாதுகாப்பு. 4 பைட் இட்டால் மிகவும் சிக்கனம். எதைத் தேர்வது? 4 பைட் முத்திரையை ஒருவர் குருட்டுத்தனமாக ஊகிக்க, சராசரியாக 2-இன் 31-ஆம் அடுக்கு முயற்சிகள் வேண்டும். விநாடிக்கு ஒரு முயற்சிதான் கருவி ஏற்கும் என்றால் 68 ஆண்டுகள். நிம்மதியாக இருக்கிறது, இல்லையா? ஆனால் உங்களிடம் 1,000 கருவிகள் இருக்கின்றன, தாக்குபவருக்கு அவற்றில் ஏதாவது ஒன்று ஏமாந்தால் போதும் என்றால், அதே கணக்கு 25 நாட்களாகிவிடுகிறது. ஆகவே நான் எப்போதும் கேட்கும் கேள்வி, ஒரே ஒரு போலிச் செய்தி உள்ளே போனால் என்ன கெடும் என்பதுதான். ஒரு வெப்பநிலை அளவீடு தவறினால் பெரிதாக ஒன்றுமில்லை, அதற்கு 4 பைட் போதும். அதே செய்தி ஒரு வால்வைத் திறக்கும், ஒரு பூட்டை விடுவிக்கும் என்றால் 8 பைட்டுக்குக் கீழே நான் இறங்கமாட்டேன். புதிய ஃபர்ம்வேரை (கருவிக்குள் ஓடும் மென்பொருளை) ஏற்றும் செய்தி என்றால் சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை, முழுக் கையொப்பம் வேண்டும். ஒரே கருவியில் மூன்று வகைச் செய்திக்கும் மூன்று அளவு வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு வகைக்கும் தனிச் சாவி கொடுத்துவிடுங்கள்.

இனி நான்ஸ். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரே சாவியில் ஒவ்வொரு செய்திக்கும் இதுவரை பயன்படுத்தாத ஓர் எண் வேண்டும், அதுதான் நான்ஸ். அது ஒருமுறை திரும்ப வந்துவிட்டால் ஏஇஎஸ்-சிசிஎம், ஏஇஎஸ்-ஜிசிஎம், சாச்சா20 எதுவானாலும் மறைப்பு கிழிந்துவிடும். ஜிசிஎம்மில் இன்னும் மோசம், முத்திரையைப் போலியாகச் செய்யத் தேவையான உள் சாவியே வெளியே வந்துவிடும். 2017-இல் வைஃபையின் டபிள்யூபிஏ2-வை உலுக்கிய கிராக் தாக்குதலும் இந்த வகைதான்: ஏஇஎஸ்-ஐ யாரும் உடைக்கவில்லை, ஏற்கெனவே நிறுவிய சாவியை மறுபடி நிறுவவைத்து எண்ணியைப் பின்னோக்கித் தள்ளினார்கள்.

சோதனை மேசையில் நானே பார்த்த ஒன்று. ஒரு முன்மாதிரிக் கருவியில் நான்ஸாகப் பயன்படும் செய்தி எண்ணியை, மின்சாரம் போனால் அழிந்துவிடும் ரேம் நினைவகத்தில் வைத்திருந்தோம். பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் எண்ணி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியது. சாவி மட்டும் பழைய சாவி. முதல் நாள் பதிவான மறைசெய்தியையும், பேட்டரி மாற்றிய பிறகு வந்த அதே எண்ணுள்ள மறைசெய்தியையும் எடுத்து எக்ஸார் (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, வேறுபட்டால் 1 தரும் கணக்கு) செய்தேன். சாவியும் எண்ணும் ஒன்றே என்பதால் இரண்டிலும் இருந்த மறைப்பு ஒன்றையொன்று நீக்கிவிடும். வெப்பநிலை இருக்க வேண்டிய இரண்டு பைட்டில் வந்த விடை 5. முதல் அளவீடு 27.4 பாகை, அதாவது 274 என்று சேமிக்கப்பட்டிருந்தது. 274-ஐயும் 5-ஐயும் எக்ஸார் செய்தால் 279. இரண்டாவது அளவீடு 27.9 பாகை. சாவி எதுவும் தேவைப்படவில்லை, ஒரு கணிப்பான் போதுமாக இருந்தது. 128 பிட் சாவி அங்கே ஒரு மூலையில் பத்திரமாகத்தான் இருந்தது.

சரி, எண்ணியை மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிவிட்டால்? ஃபிளாஷின் ஒரு பக்கம் பொதுவாக 10,000 அழிப்புகளைத் தாங்கும். நிமிடத்துக்கு ஒருமுறை அழித்து எழுதினால் 7 நாளில் அந்தப் பக்கத்தின் ஆயுள் முடிந்தது. அழித்து எழுதுவதற்கு ஆகும் மின்சாரமும் குறியாக்கத்தைவிடப் பல மடங்கு. இதற்குப் பழைய, எளிய வழி ஒன்று உண்டு. முன்பதிவு. பேட்டரி மாட்டிக் கருவி முதலில் தொடங்கியதும் "1,024 வரை எனக்கு" என்று ஃபிளாஷில் எழுதிவிடுகிறது. எழுதி முடித்த பிறகுதான் முதல் எண்ணைப் பயன்படுத்துகிறது. ரேமில் எண்ணிக்கொண்டே போய் 1,024-ஐ எட்டும்போது "2,048 வரை" என்று எழுதுகிறது. நடுவில் மின்சாரம் போனால், ஃபிளாஷில் உள்ள எல்லையிலிருந்து தொடங்குகிறது. இடையில் சில நூறு எண்கள் வீணாகும், ஒன்றுகூடத் திரும்ப வராது. ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் 513-ஆகக் குறைந்துவிடும். முன்பதிவை முதலில் எழுத வேண்டும், எண்ணைப் பிறகு பயன்படுத்த வேண்டும். இந்த வரிசை தலைகீழானால் எல்லாம் வீண்.

நான்ஸ் முழுவதையும் காற்றில் அனுப்பத் தேவையில்லை என்பதும் சிக்கனத்துக்கு உதவும். இரு பக்கமும் 32 பிட் எண்ணியை வைத்திருந்தால், கடைசி 16 பிட்டை மட்டும் அனுப்பினால் போதும், மீதியைப் பெறுபவர் தானே ஊகித்து நிரப்பிக்கொள்வார். லோராவான் இப்படித்தான் செய்கிறது.

சாவியை ஒப்புக்கொள்ளும் ஆரம்பப் பேச்சு அடுத்த பெரிய செலவு. இதற்குப் பயன்படும் எக்ஸ்25519 என்ற நீள்வட்ட வளைவுக் கணக்கில் ஒரு பெருக்கல், கார்டெக்ஸ்-எம்4-இல் 10 லட்சம் சுழற்சி என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். அதைவிடச் சின்ன கார்டெக்ஸ்-எம்0-இல் 35 லட்சத்துக்கு மேல் போகும். எம்4 கணக்கிலேயே 155 மைக்ரோஜூல். நூற்றுக்கு மேற்பட்ட செய்திகளை மறைப்பதற்கு ஆகும் செலவு ஒரே பெருக்கலில் போகிறது. ஒரு முழுப் பேச்சில் இப்படி நான்கைந்து வரும். இணையத்தில் வழக்கமான, சான்றிதழ்களோடு நடக்கும் டிஎல்எஸ் பேச்சு ஆயிரக்கணக்கான பைட்டையும் அனுப்பவைக்கும். விழிக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யும் கருவிகளைப் பார்த்திருக்கிறேன். பேட்டரி சில வாரங்களில் தீர்ந்ததற்குப் பழி மட்டும் ஏஇஎஸ் மேல் விழுந்தது. ஒருமுறை பேசிய பேச்சை மாதக்கணக்கில் நீட்டிக்க வழிகள் இருக்கின்றன. டிஎல்எஸ்ஸைத் தனித்தனி பாக்கெட்டுகளுக்கு ஏற்றபடி மாற்றிய டிடிஎல்எஸ்ஸில் இணைப்பு அடையாளம் என்ற வசதி 2022-இல் தரமானது. முகவரி மாறினாலும், நாள்கணக்கில் தூங்கி எழுந்தாலும், பழைய சாவியோடு தொடரலாம். ஆஸ்கோர் என்ற முறை, 2019-இல் தரமானது, செய்தியையே நேராக மறைக்கிறது. அதற்கான சாவிப் பேச்சாக 2024-இல் வந்த எட்ஹாக், மூன்று செய்திகளில், சுமார் 100 பைட்டில் காரியத்தை முடித்துவிட முடியும். ஆயிரங்கள் எங்கே, நூறு எங்கே! மின்சாரச் சிக்கனத்தில் கடந்த பத்தாண்டில் நடந்த மிக நல்ல வேலை இதுதான் என்பேன்.

குவாண்டம் கணினியைத் தாங்கும் முறைகளைப் பற்றி ஒரு வரி: 2024 ஆகஸ்டில் தரமான, சாவியை ஒப்புக்கொள்ளும் முறையான எம்எல்-கெம்-768-இல் பொதுச் சாவி மட்டுமே 1,184 பைட், எம்எல்-டிஎஸ்ஏ-44 கையொப்பம் 2,420 பைட். மெதுவான ரேடியோவுக்கு இவை இப்போதைக்குத் தாங்காது. தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி வைத்து அனுப்புவதுதான் அங்கே நடைமுறை வழி.

இப்போது அல்காரிதம். அது உண்மையிலேயே முக்கியமாகும் இடங்கள் உண்டு. பேட்டரியே இல்லாமல் ரீடரின் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆர்எஃப்ஐடி சில்லு ஒன்று. நீங்களே சிலிக்கானில் சில்லு வடிவமைக்கும் நிலை இன்னொன்று. பக்கவழித் தாக்குதலை (சில்லு இழுக்கும் மின்சாரம் போன்றவற்றைப் பார்த்துச் சாவியை எடுப்பதை) தாங்கியாக வேண்டிய கருவி மூன்றாவது. இங்கேதான் திறன், ஆற்றல் என்ற இரண்டு சொற்களையும் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். திறன் என்பது அந்தந்தக் கணத்தில் இழுப்பது, வாட் கணக்கு. ஆற்றல் என்பது வேலை முடியும்வரை மொத்தமாக இழுத்தது, ஜூல் கணக்கு. ஆர்எஃப்ஐடிக்கு முதலாவதுதான் பிரச்சினை. ஒரே கணத்தில் அதிகம் இழுத்தால் சில்லு படுத்துவிடும். பேட்டரிக் கருவிக்கு இரண்டாவதுதான் பிரச்சினை. பல ஆய்வுக் கட்டுரைகள் இரண்டையும் குழப்பி, "சிறிய சில்லு, ஆகவே சிக்கனம்" என்று எழுதிவிடுகின்றன.

பிரசென்ட் என்ற முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-இல் வெளியானது, 64 பிட் பிளாக், 31 சுற்றுகள், 4 பிட் எஸ்-பாக்ஸ். ஒரு சுழற்சிக்கு ஒரு சுற்று என்று செய்தால் சுமார் 1,570 கேட்டுகள் (சில்லின் அடிப்படைத் தர்க்க உறுப்புகள்), 32 சுழற்சிகளில் முடிந்துவிடும். அதையே ஒரே ஒரு எஸ்-பாக்ஸை வைத்து நான்கு நான்கு பிட்டாகத் தள்ளினால் சுமார் 1,000 கேட்டுகளுக்குள் அடக்கலாம், ஆனால் 500 சுழற்சிகளுக்கு மேல் ஆகும். இடம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, நேரம் சுமார் 17 மடங்கு கூடியது. கணத்துக்குக் கணம் இழுக்கும் திறன் சற்றுக் குறையலாம். மொத்த ஆற்றல் பல மடங்கு ஏறிவிடும், ஏனென்றால் அத்தனை நேரமும் கிளாக் துடித்துக்கொண்டும் ரெஜிஸ்டர்கள் (சில்லுக்குள் இருக்கும் சிறு நினைவுப் பெட்டிகள்) புரண்டுகொண்டும் இருக்கின்றன. மறுபக்கம் போய் எல்லாச் சுற்றையும் ஒரே சுழற்சியில் விரித்துப் போட்டாலும் நஷ்டம்தான். ஒரு கேட்டில் தோன்றும் தற்காலிகத் துடிப்பு அடுத்த சுற்றுக்குள் போய் இரட்டிப்பாகி, அதற்கடுத்ததில் இன்னும் பெருகி, பயனில்லாத புரளலிலேயே மின்சாரம் போய்விடும். ஏஇஎஸ் போன்ற கனமான சுற்றுக்கு ஒரு சுழற்சிக்கு ஒரு சுற்று, பிரசென்ட் போன்ற மெல்லிய சுற்றுக்கு இரண்டு சுற்று, இந்த அளவில்தான் ஆற்றல் மிகக் குறைகிறது என்று 2015 வாக்கில் அளந்து காட்டினார்கள்.

ஆற்றலையே குறிக்கோளாக வைத்து வடிவமைத்த முறை மிடோரி. அதே 2015-இல் வந்தது. சமிக்ஞை வேகமாகக் கடக்கும் எஸ்-பாக்ஸ், மிக எளிய கலவைப் படி, சாவி விரிவாக்கமே கிட்டத்தட்ட இல்லை, சுற்று மாறிலிகளும் (ஒவ்வொரு சுற்றிலும் சேர்க்கும் நிலையான எண்களும்) மிகச் சிறியவை. அழகான வேலைப்பாடு, இன்றும் படித்துப் பார்க்க வேண்டியது. ஆனால் அந்தச் சிக்கனமே வினையானது. மறு ஆண்டே, 64 பிட் மிடோரியில் 2-இன் 32-ஆம் அடுக்கு அளவுக்குப் பலவீனமான சாவிகள் இருப்பதை ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவற்றில் ஒன்று அமைந்துவிட்டால், குறிப்பிட்ட வடிவமுள்ள உள்ளீடு, எத்தனை சுற்று போனாலும் அதே வடிவத்திலேயே வெளியே வரும். எளிய மாறிலிகளும் எஸ்-பாக்ஸின் நிலையான புள்ளிகளும் (மாறாமல் அப்படியே வெளிவரும் மதிப்புகளும்) கைகோத்ததால் வந்த விளைவு. இதை உருவாக்கியவர்கள் துறையில் மிகத் தேர்ந்தவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். சில கேட்டுகளைக் குறைக்கும்போது எதை இழக்கிறோம் என்பது அவர்களுக்கே ஓர் ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது.

யாருக்கும் காட்டாமல் வடிவமைத்தவற்றின் கதி இன்னும் மோசம். ரீடரைத் தொடாமலே படிக்கப்படும் மைஃபேர் கிளாசிக் அட்டைகளில் இருந்த கிரிப்டோ1 முறையில் 48 பிட் சாவிதான். அல்காரிதம் ரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. 2007-08-இல் சில்லைச் சீவி, நுண்நோக்கியில் பார்த்து அதை மீட்டெடுத்தார்கள். அதோடு அது முடிந்தது.

ஆகவே விற்பனைக்குப் போகும் கருவிக்கு என் பரிந்துரை நேரானது. சில்லுக்குள் ஏஇஎஸ் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அஸ்கான். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி நிறுவனம் 2018-இல் அழைப்பு விடுத்து, 2019-இல் 57 முறைகள் வந்து, 2021-இல் அவற்றை 10-ஆக வடிகட்டி, 2023 பிப்ரவரியில் தேர்ந்தது இதைத்தான். 2025 ஆகஸ்டில் எஸ்பி 800-232 என்ற தரமாக வெளியிட்டுவிட்டார்கள். அதற்கு முன்பே 2014-இலிருந்து உலகமே இதை உடைக்க முயன்றுகொண்டிருக்கிறது. 320 பிட் நிலை, ஐந்து 64 பிட் சொற்கள், எக்ஸார், அண்ட் (இரண்டு பிட்டும் 1 என்றால் மட்டும் 1 தரும் கணக்கு), சுழற்றல் இவை மட்டும்தான். அட்டவணை எதுவும் இல்லாததால் நேரக் கசிவு இயல்பாகவே தவிர்க்கப்படுகிறது. மறைத்தல், முத்திரை, ஹாஷ் (தரவின் சுருக்கமான அடையாளம்) மூன்றையும் ஒரே நிரல் துண்டு செய்துவிடும். 32 கிலோபைட் ஃபிளாஷ் உள்ள சில்லில் இது பெரிய விடுதலை.

அஸ்கானில் ஒரு நுணுக்கம், பயன்படுத்துபவர்கள்கூடப் பலர் கவனிக்காதது. தொடக்கத்துக்கு 12 சுற்று, முடிவுக்கு 12 சுற்று, நடுவில் ஒவ்வொரு முழு 16 பைட்டுக்கும் 8 சுற்று. கடைசித் துண்டு 15 பைட்டோ அதற்குக் குறைவோ என்றால் நடுச் சுற்று கிடையாது. தலைப்பு எதுவும் சேர்க்காத 15 பைட் செய்திக்கு மொத்தம் 24 சுற்று. 16 பைட் செய்திக்கு, பின்னால் ஒரு வெற்றுத் துண்டு வருவதால், 32 சுற்று. ஒரு பைட் கூடியதற்கு வேலை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. தலைப்பு சேர்த்தால் அதற்கும் குறைந்தது 8. செய்தியின் வடிவத்தைத் தீர்மானிக்கும்போது 15 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பக்கவழித் தாக்குதலுக்கு வருவோம். கருவி தெருவிளக்கிலோ வயல்வெளியிலோ தொங்கப்போகிறது என்றால், யார் வேண்டுமானாலும் அதைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கணக்குப் போடும்போது சில்லு இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்து சாவியைக் கண்டுபிடிக்க முடியும் என்று 1999-லேயே பால் கோச்சரும் அவர் கூட்டாளிகளும் காட்டிவிட்டார்கள். 2016-இல் பிலிப்ஸ் ஹியூ விளக்குகளில் இது நடந்தது: சில நூறு டாலர் பெறுமான கருவிகளை வைத்து, ஃபர்ம்வேரைப் பாதுகாத்த ஏஇஎஸ்-சிசிஎம் சாவியை ஆய்வாளர்கள் எடுத்தார்கள். ஏஇஎஸ் அங்கேயும் உடையவில்லை. ஒரே வகையைச் சேர்ந்த எல்லா விளக்குக்கும் அதே சாவி என்பதால், ஒன்றிலிருந்து எடுத்தது அத்தனையையும் திறந்தது. கருவிக்கு ஒரு சாவி என்று வைத்திருந்தால் அவர்கள் கையில் கிடைத்திருப்பது ஒரு விளக்கு மட்டுமே.

இதைத் தடுக்க ரகசியத்தின் ஒவ்வொரு பிட்டையும் சீரற்ற பங்குகளாகப் பிரித்துக் கணக்கிடுகிறோம். எக்ஸார் அப்படியே பங்கு பங்காக ஓடும், இரண்டு பங்கு என்றால் செலவு இரட்டிப்பாகும், அவ்வளவுதான். அண்ட் மட்டும் பங்குகளைக் குறுக்கே பெருக்கவைத்துப் புதிய சீரற்ற பிட்டுகளையும் கேட்கும். அதனால் ஒரு முறையில் எத்தனை அண்ட் இருக்கிறது என்பதே அதன் உண்மையான விலை. அஸ்கானின் எஸ்-பாக்ஸில் 5 அண்ட், அதுவும் ஒரே அடுக்கில். ஏஇஎஸ் எஸ்-பாக்ஸை மிகச் சிக்கனமாக எழுதிய மின்சுற்றிலும் 32. குறியாக்கத்தின் செலவு கண்ணுக்குத் தெரிகிற அளவு ஏறுவது இந்தப் பாதுகாப்பைச் சேர்க்கும்போதுதான், அஸ்கான் தன் தகுதியைக் காட்டுவதும் அங்கேதான்.

இதிலிருந்தே உங்கள் ஆய்வுக்குத் தலைப்பு கிடைக்கிறது. இன்னொரு 64 பிட் முறையை உருவாக்கி, பிரசென்டைவிட 40 கேட் குறைவு என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. பங்கு பிரித்த அஸ்கானை நிஜமான சில்லில் ஓட்டி, ஒரு முழுச் செய்திக்கு, அதாவது விழிப்பு, அளவீடு, மறைப்பு, அனுப்பல், தூக்கம் அத்தனைக்கும் எத்தனை மைக்ரோஜூல் என்று அளந்து வெளியிட்டால் பலர் நன்றியோடு படிப்பார்கள். கம்பைலர் சிக்கனம் செய்கிறேன் என்று இரண்டு பங்குகளை அடுத்தடுத்து ஒரே ரெஜிஸ்டரில் போட்டு, நீங்கள் பிரித்ததைத் தானே ஒன்றுசேர்த்துவிடும். அதைக் கண்டுபிடித்துத் தடுப்பதே தனி ஆய்வாகும்.

அளக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரிக்கும் கருவிக்கும் நடுவே 10 ஓம் மின்தடை ஒன்றைப் போட்டு, அதன் இரு முனையையும் அலைகாட்டியில் பாருங்கள். 10 மில்லிஆம்பியருக்கு 0.1 வோல்ட் வரும், தெளிவாகத் தெரியும். நிரலில் மறைப்பு தொடங்கும்போது ஒரு பின்னை உயர்த்தி, முடியும்போது இறக்குங்கள். இரண்டாவது அலைவரிசையில் அதைப் போட்டால் மறைப்பு எங்கே என்று குறி விழும். முதல்முறை பார்க்கும்போது படிகம் நிலைப்பதற்கான காத்திருப்பு, பிறகு குறுகிய மேடு ஒன்று, பிறகு ரேடியோவின் உயரமான பீடபூமி தெரியும். அந்தக் குறுகிய மேட்டுக்குள் எங்கோ ஒரு கீற்றுதான் உங்கள் குறியாக்கம். தூக்கத்தை இதே மின்தடையில் பார்க்க முடியாது. 2 மைக்ரோஆம்பியருக்கு 20 மைக்ரோவோல்ட்தான் வரும், இரைச்சலில் மூழ்கிவிடும். அதற்கு 1 கிலோஓம் மின்தடையைப் போட்டு, கருவி தூங்கிய பிறகு மட்டும் தனியாக அளவெடுங்கள். விழிக்கும்போது அதைக் குறுக்கிணைத்துவிட மறக்காதீர்கள், இல்லையென்றால் மின்னழுத்தம் சரிந்து கருவி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எண்ணியை ரேமில் வைத்திருந்தால், நான் பார்த்த அந்த 5 உங்கள் மேசையிலும் வரும்.